பதிவு எண் இல்லையேல் விருந்தினர் இல்லை

நியூயார்க்கில் வீட்டை 30 நாளுக்குக் குறைவாக வாடகைக்கு விடுபவர்கள் நகர நிர்வாகத்திடம் பதிவு எண் பெற்றாக வேண்டும். 2023 செப்டம்பர் 5 முதல் அமலில் உள்ள ‘உள்ளாட்சிச் சட்டம் 18’ கறாரானது. விருந்தினர் தங்கும் நாட்களில் வீட்டுக்காரரும் அதே வீட்டில் இருக்க வேண்டும். இருவருக்கு மேல் தங்கவைக்கக் கூடாது. உள்ளறைகளைப் பூட்டிவைக்கவும் கூடாது. மீறினால் 5,000 டாலர் வரை அபராதம்.

சட்டத்தின் பலம் இன்னொரு பிரிவில் இருக்கிறது. பதிவு எண்ணைச் சரிபார்க்காமல் முன்பதிவை ஏற்கும் ஏர்பிஎன்பி போன்ற தளங்களுக்கும் 1,500 டாலர் வரை அபராதம் உண்டு. தரகுப் பணம் பார்ப்பவர்களும் பொறுப்பேற்க வேண்டும் என்பது நியாயம்தானே!

ஆனால், ஒரு அநீதியும் இருக்கிறது. நகரின் குவீன்ஸ் பகுதியில் கீழ்த்தளத்தில் குடியிருந்துகொண்டு, தனி வீடாக உள்ள மாடியைச் சில நாட்களுக்கு விட்டு வீட்டுக் கடன் கட்ட நினைப்பவருக்கும் அனுமதி கிடையாது. அடுக்குமாடி வீடுகளை வளைத்துப்போட்டு ஓட்டல் நடத்துபவரையும் இவரையும் ஒரே தட்டில் வைப்பது சரியல்ல.

வாடகைக்கு வீடு கிடைக்காமல் அல்லாடும் நகரத்துக்குக் கட்டுப்பாடு அவசியம். அதைத் தளர்த்தாமலேயே, உரிமையாளர் குடியிருக்கும் இரட்டைக் குடும்ப வீடுகளுக்கு மட்டும் ஆண்டுக்கு இத்தனை நாட்கள் என்று வரம்பு வைத்து நகர மன்றம் விலக்கு அளிக்கலாம்.