டயருக்கும் வயசாகும்: புதுக்கோட்டைக்கு எதுக்கு 'ஆல் சீசன்'?

டயர் மாற்றப் போகிறவர் இப்போதெல்லாம் முதலில் கடைக்குப் போவதில்லை. இணையத்தில் தேடுகிறார். தேடினால் வந்து விழுவதெல்லாம் 'தினசரி ஓட்டத்துக்குச் சிறந்த 10 ஆல் சீசன் டயர்கள்' மாதிரி பட்டியல்கள்தான். எழுதியவர் எங்கோ பனி கொட்டுகிற ஊரில் உட்கார்ந்திருப்பார். அதைப் படித்துவிட்டு புதுக்கோட்டையில் ஒரு கடையில் போய் "ஆல் சீசன் இருக்காண்ணே?" என்று கேட்டால் கடைக்காரர் ஏற இறங்கப் பார்ப்பார். அவர் மேல் தப்பே இல்லை.

அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கிற கதை இதுதான். வெப்பம் 7 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் விறைத்துப் போய் ரோட்டைப் பிடிக்காது. அதனால் குளிர்நாடுகளில் பனிக்காலத்துக்குத் தனி டயர் உண்டு. ஜெர்மனியில் பனி, உறைபனி இருக்கும்போது அதற்கேற்ற டயர் இல்லாமல் வண்டியை எடுப்பதே குற்றம். 2024 அக்டோபரிலிருந்து மலைச் சிகரமும் பனித்துகளும் போட்ட முத்திரை இருந்தால்தான் அங்கே குளிர்கால டயர் என்று ஒத்துக்கொள்கிறார்கள். வருடத்துக்கு இரண்டு முறை நாலு டயரையும் கழற்றி மாட்டச் சலிப்புப் படுகிறவர்களுக்காக வந்த சமரசம்தான் ஆல் சீசன். பனியிலும் சுமார், வெயிலிலும் சுமார்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் மார்கழி விடியற்காலையில்கூட 7 டிகிரி கிடையாது. இங்கே இருப்பது இரண்டே சீசன். ஒன்று வெயில், இன்னொன்று ஐப்பசி கார்த்திகை அடைமழை :-) இந்த இரண்டையும் தாங்குகிற டயரைத்தான் இந்தியாவில் எல்லாக் கம்பெனியும் சாதாரணமாகவே விற்கிறது. அதற்கு ஒரு பெயர் வைத்துக் கூடுதல் காசு கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

சரி, அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது?

வணிகவியல் படிக்கிறவர்களுக்குத் தேய்மானம் என்ற வார்த்தை நன்றாகத் தெரியும். பிளஸ் ஒன் கணக்குப்பதிவியலிலேயே வந்துவிடும். ஒரு இயந்திரம் ஓடினாலும் தேயும், சும்மா நின்றாலும் தேயும். பாடப்புத்தகத்தில் படித்துவிட்டு மறந்துபோகிற இந்த விஷயம் நிஜத்தில் அப்படியே பொருந்துவது டயருக்குத்தான். கிலோமீட்டர் ஏற ஏற பட்டன் தேயும், இது கண்ணுக்குத் தெரியும். வருஷம் ஏற ஏற ரப்பர் இறுகும், வெடிக்கும், இது தெரியாது. நம்மூர் ஆட்கள் முதல் கணக்கை மட்டும்தான் போடுகிறார்கள். "பட்டன் அப்படியே இருக்கே, இன்னும் ரெண்டு வருஷம் ஓடும்" என்பதுதான் ஊர்த் தீர்ப்பு.

இந்தத் தீர்ப்பு ரொம்ப ஆபத்தாக முடிவது ஒரு வகை வீட்டில். மாவட்டத்தில் ஆலங்குடி, அறந்தாங்கி, கீரமங்கலம் என்று எந்தப் பக்கம் போனாலும் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ ஒருத்தர் வேலை பார்க்கிற வீடுகள் இருக்கும். வாசலில் கவர் போட்டு ஒரு கார் நிற்கும். கோயிலுக்கு, கல்யாணத்துக்கு என்று மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை எடுப்பார்கள். ஏழு வருஷத்தில் முப்பதாயிரம் கிலோமீட்டர்கூட ஓடியிருக்காது. டயர் பார்க்கப் புதுசு மாதிரியே இருக்கும். அவர் லீவில் வருகிற அன்று வீட்டில் உள்ள அத்தனை பேரும் ஏறி, திருச்சி ஏர்போர்ட்டுக்குக் கிளம்புவார்கள். திரும்பும்போது பெட்டிகள் வேறு. சித்திரை வெயில், முழு பாரம், காத்து செக் பண்ணியே மாதக் கணக்கு, நாலு வழிச்சாலை வந்ததும் நூறு கிலோமீட்டர் வேகம். டயர் வெடிப்பதற்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது. காத்து குறைவாக இருக்கிற டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி மடங்கிச் சூடாகிறது. இறுகிப்போன பழைய ரப்பர் அந்தச் சூட்டைத் தாங்காது.

டயரின் வயதைத் தெரிந்துகொள்ள ஜோசியம் பார்க்க வேண்டாம். பக்கச்சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2323 என்றால் 2023ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. ஐந்து வருஷத்துக்கு மேல் போனால் வருடத்துக்கு ஒரு முறை தெரிந்தவரிடம் காட்டுங்கள், பத்து வருஷம் ஆனால் எப்படி இருந்தாலும் தூக்கிப் போடுங்கள் என்று பெரிய கம்பெனிகளே சொல்கின்றன. பத்து வருஷம் என்பது குளிர்ந்த ஊரையும் சேர்த்துச் சொன்ன கணக்கு. மொட்டை வெயிலில் நிற்கிற வண்டிக்கு ஆறேழு வருஷத்தோடு முடித்துக்கொள்வது புத்திசாலித்தனம். புதுசு வாங்கும்போதும் இந்த நாலு இலக்கத்தைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். கடையில் ரெண்டு வருஷம் கிடந்ததைப் 'புது டயர்' என்று தலையில் கட்டினால், வாங்கும்போதே ரெண்டு வருஷத் தேய்மானத்துக்கும் சேர்த்துக் காசு கொடுத்ததாக அர்த்தம்.

பட்டன் கணக்குக்கும் ஒரு எல்லை உண்டு. காருக்கு 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக்கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதி. காடிக்குள் குறுக்கே சின்ன மேடு இருக்கும், அதோடு பட்டன் சமமாகிவிட்டால் கதை முடிந்தது. ஆனால் மழைக்காலத்துக்கு அந்த எல்லை வரை காத்திருப்பதும் தப்பு. தண்ணீரை வெளியே தள்ளுவது அந்தக் காடிதான். அது ஆழமில்லாமல் போனால் தேங்கிய தண்ணீர் மேல் வண்டி மிதக்கும், ஸ்டியரிங் திருப்பினாலும் திரும்பாது. முதல் மழை இன்னும் மோசம், வெயில் காலம் முழுக்கப் படிந்த எண்ணெயும் புழுதியும் சேர்ந்து சோப்பு மாதிரி ஆகிவிடும். இதுபோக மாவட்டத்துக்கென்றே சில விசேஷங்கள் உண்டு. ரோட்டிலேயே காயப்போட்ட உளுந்தும் கொள்ளும், டிப்பர் லாரி சிந்திவிட்டுப் போகிற கல்குவாரி ஜல்லி, கிராமத்துப் பாதையில் சீமைக்கருவேல முள். முள்ளுக்குப் பஞ்சர் போட்டுக்கொள்ளலாம். கூரான ஜல்லி பக்கச்சுவரைக் கிழித்தால் அதை ஒட்டவே கூடாது. குமிழ் மாதிரி வீங்கியிருந்தாலும் அப்படித்தான்.

அடுத்து காசு. வீட்டில் டயர் பேச்சு வந்தாலே "செகண்ட் ஹேண்ட்ல ரெண்டு பாரு" என்று ஒரு குரல் வரும். ஒரு கணக்கு போடலாம். புது டயர் 5,000 ரூபாய், 45,000 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்துக்கொண்டால் கிலோமீட்டருக்கு 11 பைசா. பழைய டயர் 1,500 ரூபாய், 10,000 ஓடும் என்றால் 15 பைசா. மலிவு எது? இதில் அந்தப் பழைய டயர் எந்தப் பள்ளத்தில் விழுந்து எழுந்தது என்று யாருக்கும் தெரியாது.

ஆனால் இதே கணக்கு புது டயர் கம்பெனிகளையும் ஒரு இடத்தில் மாட்டிவிடும். வருஷத்துக்கு 5,000 கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவருக்கு 'நீண்ட நாள் உழைக்கும்' டயர் எதற்கு? 45,000 முடிக்க ஒன்பது வருஷம் ஆகும். அதற்குள் ரப்பர் கிழவனாகிவிடும். அவர் உழைப்புக்குக் காசு கொடுப்பதைவிட ஈரத்தில் நல்ல பிடிப்புள்ள டயருக்குக் கொடுப்பதுதான் லாபம், கொஞ்சம் சீக்கிரம் தேய்ந்தாலும் பரவாயில்லை. தினமும் புதுக்கோட்டைக்கும் திருச்சிக்கும் ஓடுகிறவர் நேர் எதிராக யோசிக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே 'பெஸ்ட்' என்று பட்டியல் போடுவது இதனால்தான் அபத்தம்.

சிக்கல் என்னவென்றால் ஈரப் பிடிப்பை வாங்குகிறவர் தெரிந்துகொள்ள வழி குறைவு. 2022 அக்டோபர் 1 முதல் புது வடிவமைப்பு டயர்களுக்கு ஈரச் சாலைப் பிடிப்பு, உருளும்போது ஏற்படும் தடை, சத்தம் ஆகிய மூன்றுக்கும் மத்திய அரசு தரம் வைத்தது. நல்ல விஷயம்தான். ஆனால் அது பாஸ் மார்க் மட்டும். ஐரோப்பாவில் ஒவ்வொரு டயரும் ஈரத்தில் எந்த வகுப்பு என்று ஏ முதல் இ வரை ஸ்டிக்கரில் போட்டாக வேண்டும். இங்கே நட்சத்திரக் குறியீடு வந்தாலும் அது எரிபொருள் சிக்கனத்துக்கு. பெட்ரோல் எவ்வளவு மிச்சமாகும் என்று சொல்லும் அட்டை, மழையில் எத்தனை மீட்டரில் வண்டி நிற்கும் என்றும் சொல்ல வேண்டாமா? பத்தாம் வகுப்பில் 'பாஸ்' என்று மட்டும் போட்டு மார்க் சொல்லாமல் விட்டால் எந்த வீட்டிலாவது ஒத்துக்கொள்வார்களா :-)

விலையில் சமீபத்தில் ஒரு நல்லது நடந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கு ஜி.எஸ்.டி. 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அடிப்படை விலை 4,000 என்றால் ஒரு டயருக்கு 400, நாலுக்கு 1,600 ரூபாய் மிச்சம். பில் வேண்டாம் என்றால் இன்னும் குறைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் மயங்க வேண்டாம். பில் இல்லாமல் வாரண்டி கேட்டுப் போக முடியாது. மிச்சமான 1,600ஐ அலைன்மென்ட்டுக்கும் பேலன்சிங்குக்கும் வைத்துக்கொள்ளலாம். அது சரியில்லாவிட்டால் புது டயரும் ஒரு ஓரமாகத் தேய்ந்துபோகும்.

கம்பெனி? பக்கத்து பெரம்பலூரில் எம்.ஆர்.எஃப். ஆலை இருக்கிறது, சென்னையைச் சுற்றி அப்பல்லோ, ஜே.கே., சியட் எல்லாம் இருக்கின்றன. உள்ளூர்ப் பாசம் இருந்தால் தவறில்லை. அளவும் பார எண்ணும் வண்டிக்குச் சொன்னதற்குக் குறையாமல் இருந்தால் போதும். 165/80 ஆர்14 85டி என்றால் அகலம் 165 மில்லிமீட்டர், உயரம் அதில் 80 சதவீதம், ரிம் 14 அங்குலம், ஒரு டயர் தாங்குவது 515 கிலோ, வேக எல்லை 190. இந்த 85ஐ 80 ஆக்கி 'இதுவும் உக்காரும் சார்' என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லத் தெரிய வேண்டும்.

ரெண்டு டயர் மட்டும் மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் புதுசை முன்னால் போடச் சொல்கிறார்கள். இழுப்பது முன் சக்கரம்தானே என்ற நியாயம். உண்மையில் புதுசு பின்னால் போக வேண்டும். ஈரத்தில் முன் சக்கரம் வழுக்கினால் காலை எடுத்தால் ஓரளவு கைக்கு வரும். பின் சக்கரம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும், பழகிய டிரைவராலும் பிடிப்பது கஷ்டம். கடையில் இதற்கு வாக்குவாதம் நடக்கும், நடக்கட்டும்.

டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னிக்கும் அந்த நாலு இலக்கம் உண்டு. கார் வாங்கிய வருஷமே அதில் இருக்கும். நாலையும் மாற்றிவிட்டு அதை மட்டும் தொடாமல் விடுகிற வீடுகள்தான் அதிகம்.