இரண்டு வாங்கியவன் வாயைத் திறக்க வேண்டுமா?

அமெரிக்காவில் ஹைஸ்கூல் கடைசி வருடப் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில், காலேஜ் விண்ணப்பம் போடுகிற சீசன் வந்தாலே ஒரே புலம்பல்தான். "ஏ.பி. கெமிஸ்ட்ரியில் 2 வந்திருக்கிறதே, அதைப் போடுவதா விடுவதா?" உடனே இரண்டு கோஷ்டி கிளம்பிவிடும். ஒன்று, "மறைப்பது மோசடி" என்று நீதி போதனை செய்யும். இன்னொன்று, "5 இல்லையென்றால் மூச்சு விடாதே" என்று பயமுறுத்தும். இரண்டு பேர் சொல்வதும் தப்பு.

தெரியாதவர்களுக்கு: ஏ.பி. என்பது அட்வான்ஸ்ட் பிளேஸ்மென்ட். பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் ஒரு பாடம். 1955 முதல் காலேஜ் போர்டு நடத்துகிறது. மே மாதம் பரீட்சை, ஜூலையில் ரிசல்ட், 1 முதல் 5 வரை மதிப்பெண். 3 வாங்கினாலே பல கல்லூரிகள் கிரெடிட் தரும். அதாவது அந்தப் பாடத்துக்குக் கல்லூரியில் மறுபடி காசு கட்டத் தேவையில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் எழுதுகிற ஏ.பி. ரிசல்ட் வருவது ஜூலையில். அட்மிஷன் முடிவுகளோ பெரும்பாலும் ஏப்ரலுக்குள் வந்துவிடும். அந்த மதிப்பெண்ணைப் பார்க்காமலேதான் சீட் கொடுக்கிறார்கள்! கிரெடிட் கொடுப்பதற்காக வந்த பரீட்சை இது. இதை வாசற்படியில் நிற்கிற காவல்காரன் ஆக்கியது யார்?

இப்போது மோசடி என்கிறவர்களுக்கு வருவோம். காமர்ஸ் படிக்கிற எவருக்கும் தெரியும், கட்டாயம் காட்ட வேண்டிய கணக்கு வேறு, விரும்பினால் காட்டலாம் என்கிற கணக்கு வேறு. காமன் அப்ளிகேஷனில் ஏ.பி. மதிப்பெண் இரண்டாவது ரகம். அந்தப் பாடம் எடுத்ததும், வகுப்பில் வாங்கிய கிரேடும் டிரான்ஸ்கிரிப்டில் பளிச்சென்று இருக்கின்றன. 2 வாங்கிவிட்டு 4 என்று எழுதினால் பொய். கேட்காததைச் சொல்லாமல் விட்டால் எப்படிப் பொய்யாகும்?

ஆனால் எல்லாவற்றையும் சொல் என்று கல்லூரி கேட்டால், சொல்லித்தான் ஆக வேண்டும். யேல் பல்கலைக்கழகம் 2024இல் கொண்டுவந்த விதி அப்படி. எஸ்.ஏ.டி.க்குப் பதிலாக ஏ.பி. மதிப்பெண் காட்டலாம், ஆனால் அதுவரை எழுதிய அத்தனை ஏ.பி.யையும் காட்ட வேண்டும். அங்கே பொறுக்கி எடுத்துக் காட்டினால் அது நிஜமாகவே தப்பு.

"காலியாக விட்டால் குறைச்சல் மார்க் என்று கண்டுபிடித்துவிடுவார்களே?" சந்தேகப்படலாம், அவ்வளவுதான். ஒரு பரீட்சைக்கு 2025இல் 99 டாலர் கட்டணம். பாடத்தைப் படித்துவிட்டுப் பரீட்சை எழுதாமல் விடுகிறவர்களும் இருக்கிறார்கள். காலி இடத்துக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். 2க்கு ஒரே அர்த்தம்தான்.

அடுத்து, பயமுறுத்துகிற கோஷ்டி. இவர்களால்தான் 4 வாங்கிய பிள்ளைகூட அதை ஒளித்து வைக்கிறது. 4 நல்ல மதிப்பெண் ஐயா! 3கூட எங்கே விண்ணப்பிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 3க்கே கிரெடிட் தருகிறது. அங்கே அதை மறைப்பதால் யாருக்கு என்ன லாபம்?

ஆகக் கணக்கு சுலபம். 4, 5 என்றால் போடு. 3 என்றால் கல்லூரியைப் பார்த்து முடிவு செய். 1, 2 என்றால், கேட்காத இடத்தில் மனசாட்சி உறுத்தாமல் விட்டுவிடு.

இதில் பெரிதாக அடிபடுவது ட்யூஷன், தனி ஆலோசகர் எல்லாம் உள்ள வீட்டுப் பிள்ளை இல்லை. குடும்பத்திலேயே முதல் ஆளாகக் காலேஜ் போகப் பார்க்கிற, பாடம் நடத்த அனுபவமுள்ள வாத்தியார் கிடைக்காத பள்ளியின் பிள்ளை. துணிந்து கஷ்டமான பாடத்தை எடுத்தது. வருடம் முழுக்க உழைத்து வகுப்பில் பி வாங்கியது. மே மாதத்தில் சில மணி நேரம் சறுக்கிவிட்டது. அந்த ஒற்றை எண்ணைத் தானாக முன்வந்து நெற்றியில் ஒட்டிக்கொள் என்று சொன்னால், அடுத்த வருடம் அதன் தம்பி அந்த வகுப்புப் பக்கமே போகமாட்டான்.

அந்த நஷ்டத்தை எந்தக் கல்லூரிக் கணக்கில் எழுதுவார்களாம்?