சூரிச்சில் கையெழுத்து, பாரிஸில் கூச்சல்

புலம்பெயர்ந்தவை தூரத்தில இருந்து கத்துவினம், நாட்டில இருக்கிறவைதான் விலை குடுக்கிறது எண்டு ஒரு கதை இருக்கு. எங்கட ஊரிலயும் கேட்டிருப்பியள். ஆர்மேனியர் விஷயத்தில் அந்தக் கதை பாதிதான் பொருந்துது.

2008 செப்டெம்பரில் துருக்கி ஜனாதிபதி அப்துல்லா குல் உதைபந்தாட்டப் போட்டி ஒன்றைப் பார்க்க ஆர்மேனியத் தலைநகர் யெரெவானுக்குப் போனார். அடுத்த வருஷம் ஒக்டோபர் 10, சூரிச்சில் இரண்டு நாடுகளும் உடன்படிக்கைகளில் கையெழுத்து வைத்தன. 1993 இலிருந்து மூடிக் கிடந்த எல்லையைத் திறப்பது, இராஜதந்திர உறவு தொடங்குவது, கூடவே வரலாற்றை ஆராய ஒரு துணைக்குழு. இந்தக் கடைசி விஷயத்தில்தான் புலம்பெயர் ஆர்மேனியர் வெடித்தார்கள். கையெழுத்துக்கு முதல் ஆர்மேனிய ஜனாதிபதி சர்க்சியான் பாரிஸ், லொஸ் ஏஞ்சல்ஸ், பெய்ரூட் எண்டு சமாதானம் சொல்லித் திரிந்தார். அங்கெல்லாம் ஆர்ப்பாட்டம்.

அவர்களைப் பிடிவாதக்காரர் எண்டு சொல்லுறது லேசு. ஆனால் அவர்கள் யார்? பெரும்பாலும், 1915 இல் வான், கார்பெர்ட், சிவாஸ் பக்கம் இருந்து துரத்தப்பட்டு உயிர் தப்பினவர்களின் பேரப்பிள்ளைகள். அந்த ஊர்களெல்லாம் இன்று துருக்கிக்குள். இன்றைய ஆர்மேனியாவோ அப்போது ரஷ்யப் பேரரசின் நிலம். யெரெவானுக்கு இது எல்லைப் பிரச்சினை. இவர்களுக்கோ, பாட்டி வீட்டில் நடந்தது உண்மையா எண்டு ஒரு குழு விசாரிக்கப் போகுது. கத்தாமல் என்ன செய்வது?

உடன்படிக்கையைக் கொன்றதும் அவர்கள் இல்லை. கரபாக் பிரச்சினை தீராமல் எல்லை திறக்காது எண்டு அங்காரா நின்றது. இரண்டு நாடாளுமன்றமும் அங்கீகரிக்கவே இல்லை. 2018 இல் ஆர்மேனியா கைகழுவியது.

எண்டாலும் எனக்கு ஒரு உறுத்தல். வாஷிங்டனில் பல தசாப்தமாகத் தட்டின கதவு கடைசியில் திறந்தது: 2019 இல் கொங்கிரஸின் இரு அவைகளும், 2021 இல் பைடனும் 'இனப்படுகொலை' எண்டு சொன்னார்கள். (துருக்கியும் சும்மா இருக்கேல்லை, கொங்கிரஸின் முன்னாள் பெரிய தலைகளையே காசு குடுத்துப் பிடித்தது.) ஆனால் 2023 செப்டெம்பரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மேனியர் கரபாக்கை விட்டு ஓடினபோது, அந்தத் தீர்மானங்கள் ஒரு குடும்பத்தையும் வீட்டில் நிறுத்தி வைக்கேல்லை.

அதனால்தான் சூரிச்சுக்கு முன்னமே செத்துப்போன ஹ்ரான்ட் டிங்க்கை அடிக்கடி நினைக்கிறன். இஸ்தான்புலில் 'அகோஸ்' பத்திரிகை நடத்தின ஆர்மேனியர். படுகொலை பற்றித் துருக்கிக்குள் இருந்தே எழுதினார். அதை மறுப்பவர்களைத் தண்டிக்க பிரான்ஸ் சட்டம் கொண்டுவரப் பார்த்தபோது அதையும் எதிர்த்தார். துருக்கியர் மீதான கோபமே உங்கட அடையாளமாகிவிடக் கூடாது எண்டு புலம்பெயர் ஆர்மேனியருக்கு எழுதினார். அதில் ஒரு வரியைப் பிடுங்கி, துருக்கிய இனத்தை அவமதித்தார் எண்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2007 ஜனவரி 19, பத்திரிகை அலுவலகத்துக்கு வெளியே சுட்டுக் கொன்றார்கள். இறுதி ஊர்வலத்தில் பல்லாயிரம் பேர், பெரும்பாலும் துருக்கியர், "நாங்கள் எல்லாரும் ஆர்மேனியர்" எண்ட அட்டைகளைப் பிடித்துக்கொண்டு இஸ்தான்புல் தெருவில் நடந்தார்கள்.