'பிளேட் ரன்னர்' வழக்கில் தோற்றவர் யார்?

அறிபுனைத் திரைப்பட ரசிகர்கள் விவாதத்தில் இறங்கினால் தவறாமல் மேற்கோள் காட்டப்படும் வழக்கு ஒன்று உண்டு. ரிட்லி ஸ்காட் இயக்கி, 1982 ஜூன் 25 அன்று அமெரிக்காவில் வெளியான 'பிளேட் ரன்னர்' படத்தை அக்கால விமர்சகர்கள் புரிந்துகொள்ளாமல் புறந்தள்ளினர். பின்னர் காலம் ரசிகர்களின் பக்கம் தீர்ப்பளித்தது. ஆதலால் விமர்சகர் சொல்லுக்குச் செவிசாய்க்க வேண்டியதில்லை என்பதே அதன் சாரம். இவ்வழக்கைச் சற்றே மறுவிசாரணைக்கு உட்படுத்த வேண்டும் என்று நாம் கருதுகிறோம்.

பிலிப் கே. டிக் 1968இல் எழுதிய நாவலைத் தழுவிய படம் இது. 2019 நவம்பரில் நிகழ்வதாக அமைந்த கதை. மழை ஓயாத லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்குள், நான்காண்டு ஆயுள் மட்டுமே விதிக்கப்பட்ட செயற்கை மனிதர்கள் சிலர் தப்பி வந்துவிடுகின்றனர். அவர்களைத் தேடிக் கொல்லும் பணி டெக்கார்டு என்பவனுக்கு வாய்க்கிறது. சாகவேண்டியவர்கள் வாழ்வின்மீது தீராத வேட்கை கொண்டிருக்க, கொல்ல வந்த மனிதனோ உள்ளுக்குள் வறண்டு கிடக்கிறான். இந்த முரணே படத்தின் உயிர்.

அன்றைய விமர்சகர்கள் என்னதான் சொன்னார்கள்? ரோஜர் ஈபர்ட் நான்குக்கு மூன்று நட்சத்திரங்கள் அளித்தார். படம் படைத்துக் காட்டிய உலகை வியந்த அவர், அதனுள் நடமாடும் மனிதர்களின் கதை மெலிந்திருப்பதாகக் குறைப்பட்டார். 'நியூ யார்க்கர்' இதழில் எழுதிய பாலின் கேலுக்கும் காட்சியின் வலிமையில் ஐயமில்லை. மனிதப் பரிமாணம் போதவில்லை என்பதே அவர் மனக்குறை. லாஸ் ஏஞ்சலிஸ் திரைப்பட விமர்சகர்கள் சங்கம் அவ்வாண்டின் சிறந்த ஒளிப்பதிவாளராக இப்படத்தின் ஜோர்டன் குரோனன்வெத்தையே தேர்ந்தெடுத்தது. ஆக, விமர்சகர்கள் அனைவரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தனர் என்பது மிகை.

இனி முதன்மையான செய்திக்கு வருவோம். 1982இல் அவர்கள் கண்ட படமும் இன்று நாம் போற்றும் படமும் ஒன்றல்ல. வெளியீட்டுக்கு முன் டென்வரிலும் டல்லஸிலும் நடந்த முன்னோட்டக் காட்சிகளில் பார்வையாளர்கள் குழம்பிப்போயினர். அஞ்சிய தயாரிப்புத் தரப்பு, கதையை விளக்கும் பின்னணிக் குரல் ஒன்றை ஹாரிசன் ஃபோர்டைப் பேசவைத்துச் சேர்த்தது. இருளில் முடியவேண்டிய படத்தின் இறுதியில் பசுமையான மலைவெளிப் பயணம் ஒன்றும் ஒட்டப்பட்டது. ஸ்டான்லி குப்ரிக் தமது 'தி ஷைனிங்' படத்துக்காக எடுத்துப் பயன்படுத்தாது விட்ட காட்சித் துண்டுகள் அம்முடிவுக்கு உதவின என்பது பலரும் அறிந்த செய்தி.

அப்பின்னணிக் குரலும் அம்முடிவும் 1992இல் வெளியான 'இயக்குநர் வடிவ'த்தில் நீக்கப்பட்டன. 1990, 1991 ஆண்டுகளில் திருத்தப்படாத பழைய பிரதியொன்று சில திரையரங்குகளில் திரையிடப்பட்டு ரசிகர்களின் பெருவரவேற்பைப் பெற்றதே அதற்கு வழிவகுத்தது. முழு உரிமையுடன் ஸ்காட் செம்மைசெய்த 'இறுதி வடிவம்' 2007இல் வந்தது. மனிதரின் அகத்தைக் காணவில்லையே என்று விமர்சகர்கள் வருந்தினர் அல்லவா? அந்த அகம் மௌனத்தில் வெளிப்படவேண்டிய இடங்களில் விளக்கவுரை பேசிக்கொண்டிருந்தது. அவர்கள் நோயின் பெயரைச் சரியாகச் சொல்லாதிருக்கலாம். வலிக்கும் இடத்தைச் சரியாகவே தொட்டார்கள் என்பது நம் துணிபு. ஈபர்ட்டுக்கு 1992இல்கூடத் தயக்கம் முற்றிலும் நீங்கவில்லை. 2007இல்தான் தமது மாபெரும் படங்களின் வரிசையில் இதனைச் சேர்த்தார். இதைத் தோல்வி என்பதைவிட, ஒரு படைப்போடு இருபத்தைந்து ஆண்டுகள் நடத்திய உரையாடல் என்பதே பொருந்தும்.

ரசிகர்களின் பங்கை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. குறைகளோடு கூடிய முதல் வடிவத்தைக் கண்டே உலக அறிபுனை மாநாட்டின் உறுப்பினர்கள் 1983இல் இப்படத்துக்கு ஹ்யூகோ விருதை வாக்களித்து வழங்கினர். அவ்வாண்டின் பெருவெற்றிப் படமான 'ஈ.டி.'யும் போட்டியில் இருந்தது என்பதை மறக்கலாகாது. இல்லாததைச் சுட்டியது விமர்சகர் கண். இருப்பதைக் கண்டுகொண்டது ரசிகர் கண். இரண்டும் சேர்ந்தே இப்படத்தைக் காப்பாற்றின.

விமர்சகர்கள் உண்மையிலேயே சறுக்கிய இடமும் உண்டு. அதே ஜூன் 25 அன்று வெளியான ஜான் கார்ப்பென்டரின் 'தி திங்' கடுமையாகத் தாக்கப்பட்டது. அருவருப்பூட்டுகிறது என்பதே பெருங்குற்றச்சாட்டு. அப்படத்துக்குத் திருத்திய வடிவம் எதுவும் வந்து பெருமை சேர்க்கவில்லை. அன்று கண்ட படமே இன்று உயர்ந்து நிற்கிறது. ரசிகர்கள் தம் கட்சிக்குச் சான்று தேடினால் இதனையன்றோ முன்வைக்க வேண்டும்?

நாம் கவலைகொள்வது இவ்வழக்கு இன்று பயன்படும் விதம் குறித்தே. ஒரு படம் குறைகூறப்பட்ட மறுநாளே, 'பிளேட் ரன்னருக்கும் இதுதானே நடந்தது' என்ற விடை ஆயத்தமாக வந்துவிடுகிறது. பழிக்கப்பட்டு மீண்டெழுந்த சில படங்களின் பெயர்களே நம் நினைவில் நிற்கின்றன. பழிக்கப்பட்டு, பழிப்புக்குரியனவாகவே மறைந்துபோன எண்ணற்ற படங்களை எவரும் எடுத்துக்காட்டுவதில்லை. விமர்சகர் பாராட்டினாலும் இவ்வழக்குக்கு வேலை இருக்கிறது. டெனி வில்நவ் இயக்கிய 'பிளேட் ரன்னர் 2049' 2017இல் வந்தபோது விமர்சகர்கள் மனமாரப் போற்றினர். வசூலோ எதிர்பார்ப்பை எட்டவில்லை. அப்போது பழி பொதுப் பார்வையாளர்மேல் விழுந்தது. எவ்வாறாயினும் தம் ரசனைக்கு எதிர்க்கேள்வி எழாதபடி பார்த்துக்கொள்ளும் ஏற்பாடாகவே இது தோன்றுகிறது.

இலக்கிய வாசகர்களாகிய நமக்கும் இந்நோய் புதிதன்று. நாம் விரும்பும் படைப்பாளியை ஒருவர் குறைகூறிவிட்டால் அவர் சொன்னதை எண்ணிப்பார்க்குமுன் அவர் தகுதியை ஆராயப் புறப்பட்டுவிடுகிறோம். காலம் தீர்ப்பளிக்கும் என்பது மெய்தான். ஆயின் அத்தீர்ப்பு தானாக எழுதப்படுவதில்லை. ஒருவர் குறையைச் சுட்ட, மற்றொருவர் நிறையை நிறுவ, படைப்பாளி இரண்டையும் கேட்டுத் திருத்த, மெல்ல மெல்ல உருவாவது அது. சுட்டுபவரின் வாயை அடைத்துவிட்டுத் தீர்ப்புக்காகக் காத்திருப்பதில் பொருளில்லை.