கூட்டு என்றால் நாற்காலியும் எங்களுக்கு வேண்டும்

மே மாதம் கோடை விழா வந்தால் ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் கார்கள் வரிசை கட்டி ஏறுகின்றன. மன இறுக்கம் தீர மலைக்கு வாருங்கள் என்று விடுதிக்காரர்கள் விளம்பரம் செய்கிறார்கள். அதே பாதையில் மனநல மாத்திரைக்காகச் சேலத்துக்கு இறங்கிப் போகிறவர்கள் எங்கள் ஆட்கள்.

மாரமங்கலம் பக்கத்துச் சிற்றூரிலிருந்து சேலம் அரசு மருத்துவமனைக்குப் போய்த் திரும்பினால் ஒரு நாள் போய்விடும். நோயாளியைத் தனியாக அனுப்ப முடியாது. ஆக, இரண்டு பேரின் கூலி போச்சு, பஸ் காசும் போச்சு. காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் அந்த நாளை யார் விடுவார்கள்? மாத்திரை பாதியில் நிற்கிறது, நோய் திரும்புகிறது. கடைசியில் 'இவங்க ஒழுங்கா மருந்து சாப்பிட மாட்டாங்க' என்று பழியும் எங்கள் மேல்தான்.

தூரம் மட்டும் இல்லை, சாதியும் இருக்கிறது. எஸ்டேட் லைனில் இருக்கும் அக்கா ஒருவரை நாங்கள் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். மாதக்கணக்கில் தூக்கமில்லை என்றார். ஊர், தெரு எல்லாம் விசாரித்துவிட்டு, 'வீட்ல எல்லாரும் குடிப்பீங்களா?' என்பதுதான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி. அதன் பிறகு அவர் வாயே திறக்கவில்லை. மறுபடி வரவும் இல்லை.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 18ஆம் பிரிவு, எட்டும் தொலைவில், சாதி, வர்க்கப் பாகுபாடு இல்லாமல் மனநலச் சிகிச்சை பெறுவதை உரிமை என்கிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குச் சிகிச்சை இலவசம் என்கிறது. ஆகவே நாங்கள் கேட்பது சலுகை அல்ல.

2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, சிகிச்சை தேவைப்பட்டும் கிடைக்காதவர்கள் நோய்க்கு நோய் 70 முதல் 92 சதவீதம் வரை. நாடு முழுக்க இந்த நிலை என்றால் சேர்வராயன் மலையில் எவ்வளவு? எஸ்.சி., எஸ்.டி. என்று பிரித்து எண்ணினால்தானே தெரியும்?

14416க்கு போன் செய்யலாமே என்கிறார்கள். 2022இல் வந்த டெலி மானஸ் நல்ல திட்டம்தான். ஆனால் லைன் வீட்டில் இருப்பது ஒரே அறை. போனும் ஒன்று, அது புருஷன் கையில். அந்த வீட்டுப் பெண் எங்கே உட்கார்ந்து அழுதுகொண்டு பேசுவார்?

இங்கிலாந்தில் கறுப்பின மக்கள் வெள்ளையரைவிட மூன்று மடங்குக்கும் அதிகமாக மனநலச் சட்டத்தின் கீழ் கட்டாயமாக அடைக்கப்படுகிறார்கள். லண்டன் லாம்பெத் பகுதியில் 2016இல் 'பிளாக் த்ரைவ்' என்ற கூட்டமைப்பு உருவானது. கறுப்பின மக்களும் மருத்துவத் துறையும் உள்ளாட்சியும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் பயிற்சி பெற்ற பாட்டிமார்கள் சுகாதார நிலைய வாசல் பெஞ்சில் உட்கார்ந்து மனநல ஆலோசனை தருகிறார்கள். அதனால் மனச்சோர்வு குறைவது ஆய்விலும் உறுதியானது. எங்கள் மலையில் பாட்டிகளுக்கா பஞ்சம்?

இங்கே 'கூட்டு முயற்சி' என்றால் என்ன நடக்கிறது? ஒரு பேனர், ஒரு முகாம், ஒரு போட்டோ. எங்களைத் தரையில் உட்காரவைத்து விழிப்புணர்வு கொடுத்துவிட்டுச் சாயங்காலம் மலை இறங்கிவிடுகிறார்கள். நாங்கள் கேட்பது வேறு:

1. மாதம் இருமுறையாவது மனநல மருத்துவர் மலைக்கு வர வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் 2021 முதல் சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. மனநல மாத்திரையும் அதே பையில் வரட்டும்.

2. லைன்களிலிருந்தும் காலனிகளிலிருந்தும் மலையாளிப் பழங்குடிச் சிற்றூர்களிலிருந்தும் பெண்களைத் தேர்ந்து, ஆலோசகர்களாகப் பயிற்சி கொடுத்துச் சம்பளத்தோடு நியமிக்க வேண்டும். 'சேவை' என்று சொல்லி ஓசியில் வேலை வாங்கக் கூடாது.

3. எங்கே, எப்போது, யாருக்கு என்று முடிவெடுக்கும் குழுவில் பாதி இடம் எங்களுக்கு. சாதிவாரிச் சிகிச்சைக் கணக்கு ஆண்டுதோறும் வெளியாக வேண்டும்.

தலித்துகளும் மலையாளிப் பழங்குடியினரும் ஒன்றல்ல, எங்களுக்குள்ளும் ஏற்றத்தாழ்வு உண்டு. அதையும் அந்த மேசையில் பேசித்தான் தீர வேண்டும்.

எங்கள் இயக்கங்களிடமும் ஒரு வார்த்தை. 2016இல் ரோகித் வெமுலாவை இழந்தோம். 2019இல் பழங்குடி மருத்துவர் பாயல் தட்வியை இழந்தோம். வருடாவருடம் மாலை போடுகிறோம். நம் பக்கத்துத் தோழர் தூங்கினாரா என்று கேட்கிறோமா? சாதி ஒழிந்தால் மனசு ஆறும் என்பது உண்மைதான். அதுவரை உயிரோடு இருக்க வேண்டுமே! அடுத்த கிராம சபையில் மேலே சொன்ன மூன்றையும் தீர்மானமாகக் கொண்டுவருவோம். நாகலூரில் ஆரம்பிப்போம், ஒன்பது ஊராட்சிக்கும் போவோம்.

ஜெய் பீம்.