டயர் வாங்கப் போகிறீர்களா?

மோட்டார் சைக்கிள் நிலத்தைத் தொடுவது உள்ளங்கை அளவான இரண்டு இடங்களில் மாத்திரமே. கணவரும் பிள்ளையும் நாமும் நம்பிப் போவது அவற்றைத்தான். ஆகவே, ‘அது ஆண்களின் விடயம்’ என்று விட்டுவிடாதீர்கள், சகோதரிகளே!

டயரின் பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு மேடுகள் உண்டு. ரப்பர் தேய்ந்து அவற்றுக்குச் சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. மழைநீரை வெளியேற்றுவது அந்தப் பள்ளங்களே. அவை இல்லாவிட்டால் நனைந்த பாதையில் வண்டி சறுக்கும். பக்கச் சுவரில் வெடிப்பு இருந்தாலும் மாற்றத்தான் வேண்டும்.

கடைக்குப் போகுமுன் பழைய டயரின் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்கூட்டரில் 90/100-10 என்றிருந்தால் அகலம் 90 மில்லிமீற்றர்; உயரம் அந்த அகலத்தின் 100 வீதம்; ரிம்மின் விட்டம் 10 அங்குலம். ‘கொஞ்சம் பெரிதாகப் போடுவோம்’ என்றால் சம்மதிக்காதீர்கள். மட்கார்டில் உரசக்கூடும்.

அடுத்து, தயாரித்த காலத்தைப் பாருங்கள். 3524 என்ற நான்கு இலக்கம் 2024ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தைக் குறிக்கும். கடையில் பல வருடங்கள் கிடந்த டயர் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம், ரப்பர் இறுகியிருக்கும்.

கம்பி வைத்த சாதாரண ரிம் என்றால் டியூப் அவசியம். புது டயருக்குப் புது டியூபே போடுங்கள். டயரில் அம்புக்குறி இருந்தால், அது சக்கரம் முன்னோக்கிச் சுழலும் திசையைக் காட்டவேண்டும். பூட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள்.

புது டயரின் மேற்பரப்பு வழுக்கும். முதல் 150 கிலோமீற்றர் வரை வேகத்தையும் திடீர் பிரேக்கையும் தவிர்க்கச் சொல்லுங்கள். டயரில் மிச்சம் பிடிக்கும் சில நூறு ரூபாய், பின்னால் அமர்ந்திருக்கும் பிள்ளையின் உயிருக்கு ஈடாகுமா?