உப்பளத்துத் தாய்க்கு எத்தனை நாள் கூலி போகும்?

தசைச்சிதைவு நோய்க்குக் குணமில்லை என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள், தோழர்களே. அதற்குப் பிறகும் அந்தப் பிள்ளை பல வருடம் வாழ வேண்டியிருக்கிறது. மூட்டு இறுகாமலிருக்க இயன்முறைப் பயிற்சி, விழுங்கத் திணறினால் பேச்சுப் பயிற்சியாளர், மூச்சுக்கும் இதயத்துக்கும் தொடர் பரிசோதனை, மனம் சோரும்போது பேச ஓர் ஆலோசகர். நான்குக்கும் நான்கு நாள் அலைந்தால் தூத்துக்குடி உப்பளத்தில் நிற்கும் நம் சேரித் தாய்க்கு நான்கு நாள் கூலி போச்சு. மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை எதற்குக் காணும்?

இதில் 'சொந்தத்தில் கட்டியதால் வந்தது' என்ற ஏச்சு வேறு. சிறுவர்களைத் தாக்கும் டுஷேன் வகைக்கும் சொந்தத் திருமணத்துக்கும் தொடர்பில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அது புதிதாக நேரும் மரபணு மாற்றம்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் தசைச்சிதைவும் உண்டு. அரசின் 'விழுதுகள்' மையங்கள் பல சிகிச்சைகளை ஒரே கூரையில் தரவே தொடங்கப்பட்டவை. சேலத்தில் வானவன் மாதேவி, இயல் இசை வல்லபி சகோதரிகள் இந்நோயோடு வாழ்ந்துகொண்டே ஆதவ் அறக்கட்டளையை நடத்திக் காட்டினார்கள்.

திங்கள்கிழமை குறைதீர் நாளில் மனு கொடுப்போம்: நான்கு துறையினரும் ஒன்றாக உட்காரும் நாள் எது? உப்பளக் குடியிருப்புக்கு வண்டி எப்போது வரும்? துணைக்கு வரும் தாயின் அன்றைய கூலியை யார் தருவார்?